நல்ல காரியத்தில் ஒரு கஷ்டமான பாட்டு

இருபது வருஷத்துக்கு மேல் மைக்செட் வைத்துப் பிழைக்கிறவன் நான். காதுகுத்து, மஞ்சள் நீர், கட்சிக் கூட்டம், கருமாதி என்று எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் கட்டியாகிவிட்டது. மேடையில் இருப்பவர்களைவிட எதிரே உட்கார்ந்திருப்பவர்களைத்தான் எனக்கு அதிகம் தெரியும். தெரிந்து தெரிந்து குமட்டிப் போய்விட்டது. பாடுகிறவன் பிசகினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கேட்கிறவன் பண்ணுகிற அட்டூழியத்துக்குத் தனியாக ஒரு நரகம் கட்ட வேண்டும். ஏன் இப்படிக் கரித்துக் கொட்டுகிறான் என்று நினைக்காதீர்கள். வினோதினி கதையைக் கேளுங்கள்.

வினோதினி மலைக்குப் பின்னால் இருக்கிற எங்கள் அடி அண்ணாமலை ஊர்ப் பெண். அப்பா ராமதாஸ், கொஞ்சம் நிலம் வைத்துக்கொண்டு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போடுகிறவர். இவள் பி.காம். முடித்துவிட்டு ரமணாசிரமத்துப் பக்கம், செங்கம் ரோட்டில், ராமகிருஷ்ணன் என்பவருடைய கெஸ்ட் ஹவுஸில் வேலைக்குச் சேர்ந்தாள். ரூம் போடுவது, சாவி கொடுப்பது, வெந்நீர் வரவில்லை என்று எவனாவது கத்தினால் மாடிக்கு ஓடுவது, இதுதான் வேலை. ஒரு வம்புதும்புக்குப் போகாத பெண்.

அந்த கெஸ்ட் ஹவுஸில் போலந்துக்காரன் ஒருவன் வந்து தங்கினான். வரும்போதே சென்னையிலிருந்து லாரியில் ஒரு பியானோவை ஏற்றிக்கொண்டு வந்தான். அலமாரி மாதிரி நிமிர்ந்து நிற்கிற பியானோ. இறக்குவதற்கு ஆறேழு பேர் பிடித்தோம், என் முதுகு இன்னும் அதைச் சொல்லும். வந்த கொஞ்ச நாளில் அவனுக்கு ஞானம் முற்றிவிட்டது. சங்கீதமும் ஒரு பற்றுதான், அதையும் விட வேண்டும் என்று மௌனவிரதம் எடுத்துக்கொண்டான். விடட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் அந்தப் பியானோவின் மேல் ஈரக் கோவணம் காயப்போட்டான் பாருங்கள், அன்றைக்கே அவன் ஞானத்தின் லட்சணம் எனக்குத் தெரிந்துவிட்டது.

துடைக்கப் போன வினோதினி, "தொட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டிருக்கிறாள். அவன் மௌனமாயிற்றே, கையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். அது சரி என்றா, கூடாது என்றா, யாருக்குத் தெரியும்? இவள் சரி என்று எடுத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. போனில் வீடியோ போட்டுப் பார்த்துக் கற்றாள். டவுனில் ஒரு சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் பெண்ணைச் சிநேகம் பிடித்து, அந்தக் கோடும் புள்ளியுமாக இருக்கிற நோட்டைப் படிக்கத் தெரிந்துகொண்டாள். வேலை முடிந்தால் நேரே பியானோ. வீட்டில் அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாலும் விரல் தாளத்துக்கு ஆடும். போலந்துக்காரன் ஒருநாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரிஷிகேஷ் போனான். பியானோ எனக்குச் சொந்தமில்லை, எதுவுமே எனக்குச் சொந்தமில்லை என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். எனவே அது ராமகிருஷ்ணனுக்குச் சொந்தமானது. அவர் அதை கெஸ்ட் ஹவுஸை ஒட்டியிருந்த தன் வீட்டுக் கூடத்தில் போட்டார். வினோதினி சாயங்காலம் வந்து வாசித்துக்கொள்ளலாம் என்று பெரிய மனசு பண்ணினார்.

ஊரில் இதற்கு "பொட்டி தட்றது" என்று பெயர். பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு இன்னா பண்ணுது?" என்று கேட்டதற்கு வீட்டில் யாரோ, "சாயங்காலத்துல பொட்டி தட்டுது" என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா ரொம்ப சந்தோஷப்பட்டு, "டைப்ரைட்டிங்கா? ஹையர் முடிச்சிடுச்சா?" என்று கேட்டாளாம். இல்லை, பியானோ என்றதும், "அதுக்கு இன்னா வேலை கெடைக்கும்?" என்றாளாம். அந்தச் சம்பந்தம் அதோடு சரி. அப்புறம் வந்த சம்பந்தங்களும் அப்படித்தான். அவளுக்கு வயசு முப்பது தாண்டிவிட்டது. அவள் அதைப் பற்றி அழுதோ புலம்பியோ நான் பார்த்ததில்லை. வேறொன்றுக்காக அவள் அழுததைப் பார்த்திருக்கிறேன். ஐரோப்பாவில் எவரோ இருநூறு வருஷத்துக்கு முன்னால் எழுதிய ஒரு உருப்படி. அதை எடுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினாள். "இதுல ரெண்டு கையும் ரெண்டு ஊருக்குப் போவுதுண்ணா. ஒண்ணு போளூருக்குப் போனா ஒண்ணு செங்கத்துக்குப் போவுது. ரெண்டும் ஒரே நேரத்துல வீட்டுக்கு வந்து சேரணும்" என்று என்னிடம் சொன்னாள். வரவில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒருநாள் வந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு போன் பண்ணி, "வந்துடுச்சுண்ணா" என்றாள். நான் என்னமோ கல்யாணம்தான் கூடி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

போன தை மாதம் ராமகிருஷ்ணனின் மகன் அருண்பிரசாத்துக்குக் கல்யாணம் நிச்சயமானது. வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், கூடத்தில் புது சோபா போட வேண்டும், இந்தப் பொட்டி எதற்கு என்று அவர் மனைவி சரோஜா ஆரம்பித்துவிட்டாள். ராமகிருஷ்ணன் ஒரு தீர்ப்புச் சொன்னார். நான் அப்போது லைட்டிங் பேச அங்கே போயிருந்தேன், என் காதால் கேட்டேன்.

"வினோதினி, ரிசப்ஷன்ல வாசிச்சிடும்மா. நாலு பேரு நல்லாருக்குன்னு சொல்லட்டும். நம்ம வீட்டுக்கும் ஒரு பெருமைன்னு கூடத்துலயே போட்டுடறேன், நீ எப்ப வேணாலும் வந்து வாசிச்சிக்கோ. நாலு பேரு மூஞ்சைச் சுளிச்சா நான் ஒண்ணும் பண்ண முடியாது. யாருக்காவது குடுத்துடுவேன்."

இந்த ஜில்லாவிலேயே அவளுக்குத் தெரிந்து வேறு பியானோ கிடையாது. சர்ச்சில் இருப்பது ஆர்கன், அதில் இந்த உருப்படி வராது. நாலு பேர் வாயில் அவள் பிழைப்பு, பிழைப்பு என்ன, உயிர், போய் மாட்டிக்கொண்டது. அந்த நாலு பேர் யார் என்று ஏதாவது கணக்கு உண்டா? நம் ஊரில் பொண்ணு படிப்பதும், சட்டை போடுவதும், சிரிப்பதும், எல்லாம் அந்த நாலு பேருக்காகத்தான். ஒருநாளாவது அந்த நாலு பேர் வந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்திருக்கிறார்களா? கடைசியில் தூக்கிக்கொண்டு போக மட்டும் வருவார்கள்.

கல்யாணம் போளூரில், பெண் வீட்டில் நடந்தது. ரிசப்ஷன் இங்கே, கெஸ்ட் ஹவுஸ் புல்தரையில் பந்தல் போட்டு. பியானோவை மேடைக்கு ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்து வைத்தோம். வினோதினி மாம்பழக் கலரில் பட்டுப்புடவை கட்டி, நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. அவள் அப்பா ராமதாஸ் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, உட்கார நாற்காலி இருந்தும், என் மிக்சருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்க திருமலை என்று ஒருவர். பட்டிமன்றப் பேச்சாளர், ஒரு வாக்கியத்துக்கு ஒன்பது அடைமொழி போடுகிறவர். அவர் வினோதினியிடம் வந்து, "என்னம்மா வாசிக்கப் போறீங்க?" என்று கேட்டார். அவள் பயத்தில், "ரொம்ப கஷ்டமான பீஸ் சார்" என்றாள். ஐயா மைக்கைப் பிடித்தார். "இந்த மங்கலகரமான, மகிழ்ச்சி பொங்கும் பொன்மாலைப் பொழுதிலே, நமது வினோதினி அவர்கள் மணமக்களுக்காக ஒரு கஷ்டமான பாட்டை வாசிக்க இருக்கிறார்கள்!"

முடிந்தது கதை. எங்கள் பக்கத்தில் "அவங்க வீட்ல ஒரு கஷ்டம்" என்றால் என்ன அர்த்தம்? பிணம் கிடக்கிறது என்று அர்த்தம். முன் வரிசையில் மாப்பிள்ளையின் அத்தை ராணியம்மாள் உட்கார்ந்திருந்தாள். உடனே அந்தம்மாவுக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது.

"இன்னாது? கல்யாண வூட்ல கஷ்டமான பாட்டா? யார் வூட்டு கஷ்டத்த இங்க வந்து எறக்குறா?"

வினோதினிக்கு அது கேட்டிருக்காது. ஆரம்பித்துவிட்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அந்தப் பாட்டு பிடிபடவில்லை. பாட்டு என்றால் நமக்கு ஒரு பல்லவி வேண்டும், முணுமுணுக்க ஒரு இடம் வேண்டும். இது பிடி கொடுக்காமல் ஓடியது. திடீரென்று இடி மாதிரி இடது கை, அதற்குமேல் வலது கை பொடிப்பொடியாகக் கொட்டுகிறது, நடுவில் சட்டென்று நின்று மூச்சு வாங்குகிறது. அந்த நிறுத்தத்தில் முடிந்துவிட்டது என்று பாதிப் பந்தல் கை தட்டிவிட்டது. அவள் மறுபடி ஆரம்பித்ததும், "இன்னும் இருக்குதா?" என்று ஒரு குரல். அதற்கு ஒரு சிரிப்பு. சீ!

எனக்குப் புரியவில்லை, சரி. ஆனால் அந்த விரல்கள் செய்வது சும்மா வராது என்பதுகூடவா கண்ணுக்குத் தெரியாது? கழைக்கூத்தாடி கயிற்றில் நடந்தால் வாயை மூடிக்கொண்டு பார்க்கிறோம் இல்லையா? அந்த மரியாதைகூட இல்லை. மாப்பிள்ளையின் சிநேகிதக் கூட்டம் போனைத் தூக்கிப் பிடித்து, "மச்சி, பேய்ப் படத்துல கதவு தொறக்கறப்ப வருமே, அது" என்று சொல்லிச் சொல்லி விழுந்து புரண்டது. ஒருவன் தலைமுடியை முன்னால் போட்டுக்கொண்டு பேய் மாதிரி நடந்து காட்டினான். பெற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார் ராமகிருஷ்ணனின் மச்சான் புகழேந்தி. அவர் என் மிக்சர் ஓரமாக நின்று பானி பூரி தின்றுகொண்டிருந்தார். வாயில் பூரியோடு எனக்கு வகுப்பெடுத்தார். "இதெல்லாம் நான் நியூயார்க்ல டிக்கெட் வாங்கி கேட்டிருக்கேன்ங்க. அங்க வாசிக்கிறது வேற லெவல். இந்தப் பொண்ணுக்கு ஸ்பீடு கம்மி. நம்ம ஊர்ல இதுக்கெல்லாம் ஆசைப்படக் கூடாது." பூரித் தண்ணி பச்சையாகத் தாடையில் ஒழுகியது. அவர் பெண்டாட்டி, "நீங்க அன்னிக்கு அங்க தூங்கிட்டீங்க" என்றாள். அவர் அடுத்த பூரியை உள்ளே தள்ளினார்.

இதற்குள் ராணியம்மாள் ராமகிருஷ்ணனைக் கூப்பிட்டுக் காதில் ஓதிவிட்டாள். அவர் வியர்த்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார்.

"அன்பரசு, சவுண்டைக் கம்மி பண்ணுப்பா. அக்கா சத்தம் போடுது."

"கம்மியாத்தான் சார் இருக்குது."

"சுத்தமா எறக்கிடு."

"எறக்கியாச்சு சார். பாருங்க, ஜீரோ. இது ஸ்பீக்கர்ல வர்றது இல்ல, பொட்டியிலிருந்தே வருது."

அவர் பியானோவை ஏதோ கடிக்கிற நாயைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார். நான் பொய் சொன்னேன், ஒரு துளியும் இறக்கவில்லை. அதற்காக எனக்கு எந்த வருத்தமும் கிடையாது.

என் பக்கத்தில் நின்ற ராமதாஸ் மகளைப் பார்க்கவே இல்லை. அந்த ஆள் முழுக்க முழுக்க ஜனங்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் சிரிக்கிறார்கள், யார் எழுந்து பந்திக்குப் போகிறார்கள் என்று கண் ஒவ்வொரு வரிசையாக மேய்ந்தது. கடைசியில் என் தோளைத் தொட்டு, "நல்லா வாசிக்குதாப்பா?" என்று கேட்டார். பெற்ற அப்பன், சொந்தக் காது இரண்டு இருக்கிறது, இன்னொருத்தனிடம் கேட்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவரையும் என்னவென்று சொல்வது? "நல்லா வாசிக்குதுண்ணே" என்றேன். அவர் நம்பவில்லை.

வாசித்து முடித்து வினோதினி எழுந்து கும்பிட்டாள். கைதட்டல் மழைத் தூறல் மாதிரி இங்கொன்றும் அங்கொன்றுமாக விழுந்து நின்றது. திருமலை மைக்கைப் பிடுங்கி, "அடுத்து ஒரு ஜாலியான சினிமாப் பாட்டு வாசிப்பாங்களா?" என்றார். பந்தலே ஓ என்று கத்தியது. அவள் தலையாட்டிவிட்டுக் கீழே இறங்கிவிட்டாள். திமிர் என்றார்கள்.

ஆனால் இதெல்லாம் பரவாயில்லை. அப்போதுதான் அந்த மேடம் வந்தாள். பெங்களூரிலிருந்து வந்து செங்கம் ரோட்டிலேயே தங்கிவிட்டவள். வெள்ளைப் புடவை, கழுத்து நிறைய ருத்ராட்சம். ஏதோ ஹீலிங் சென்டர் நடத்துகிறாள். பாட்டு முழுக்கக் கண்ணை மூடி, கன்னத்தில் தண்ணீர் வழிய, லேசாக ஆடிக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். பாவம், ஒருத்தியாவது கேட்கிறாளே என்று நானும் ஏமாந்தேன். வந்து வினோதினியை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"பியூட்டிஃபுல்! நீ வாசிக்கவே இல்லம்மா, தெரியுமா? அங்க நீயே இல்ல. எந்த எஃபர்ட்டும் இல்ல. மலைதான் வாசிச்சுது."

வினோதினி பேந்தப் பேந்த விழித்தாள். பேய்ப் படம் என்றவன்கூட அவள்தான் வாசித்தாள் என்று ஒத்துக்கொண்டான். இந்த மகராசி வருஷக்கணக்கான உழைப்பை ஒரே கட்டிப்பிடியில் மலைக்குத் தாரை வார்த்துவிட்டாள். மலைக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்.

அதோடு விட்டாளா? நேரே ராமகிருஷ்ணனிடம் போய், பியானோவைத் தன் சென்டருக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். அவர் ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் பெண்டாட்டி என்று மாட்டிக்கொண்டிருந்தவர். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி, "நாளைக்கே எடுத்துக்குங்க மேடம்" என்று சொல்லிவிட்டார். சாப்பாட்டுப் பந்தலில் வைத்து வினோதினிக்குத் தகவல் சொன்னார். "வருத்தப்படாத, நீ அங்க போய் வாசிச்சிக்கலாம்." அவள் மேடத்தைத் தேடி ஓடினாள். நானும் கூடவே போனேன்.

"வாசிக்கறதா? நோ நோ" என்றாள் மேடம். "நாங்க கீஸ் யூஸ் பண்ணப் போறதில்ல. முன் பலகையைக் கழட்டிட்டு, உள்ள இருக்கிற கம்பியை பஞ்சுக் கட்டையால மெதுவா தட்டுவோம். எல்லாரும் சுத்திப் படுத்துப்பாங்க. சவுண்ட் பாத், சத்தத்துலயே குளிக்கற மாதிரி. நீயும் வந்து படுத்துக்கோ, நல்லா இருக்கும்."

சுளித்தவர்களால் போகவில்லை, உருகினவளால் போயிற்று. அன்று பந்தியில் உட்கார்ந்தவன் சாப்பிடாமல் வாழையிலையை அப்படியே மூடிவிட்டு எழுந்தேன். புகழேந்தி எனக்கு எதிரில் மூன்றாவது ஜாங்கிரி கேட்டுக்கொண்டிருந்தார். வினோதினி அப்பாவின் வண்டியில் ஏறிப் போனாள்.

மறுநாள் காலையில் பியானோவை ஏற்றும் வேலை என் தலையில்தான் விழுந்தது. என்னிடம் குட்டி யானை வண்டி இருக்கிறதே. ஆள் வைத்து ஏற்றி, கயிறு போட்டுக் கட்டினேன். வினோதினி வேலைக்கு வந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. கேட் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ராமகிருஷ்ணன் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அக்கா ராணியம்மாள் பூசணிக்காயோடு வாசலில் தயாராக நின்றாள். வண்டி நகர்ந்ததும் சுற்றி உடைக்க வேண்டுமாம்.

அப்போது உள்ளேயிருந்து புதுப்பெண் கவிநிலா வந்தாள். தலையில் ஈரம் காயவில்லை, கழுத்தில் புது மஞ்சள் கயிறு. நேற்று மேடையில் நின்று, போட்டோக்காரன் சொன்ன பக்கமெல்லாம் திரும்பித் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்த பெண். அவளும் அங்கே இருந்தாள் என்பதே எனக்கு மறந்துவிட்டது. நேராக வினோதினியிடம் வந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"நடுவுல ஒண்ணு வந்துச்சில்ல, மேலருந்து படிப்படியா எறங்கி வர்ற மாதிரி. அது திரும்பித் திரும்பி வந்துச்சு. கடைசி தடவை மட்டும் ஒரு படியில எடறின மாதிரி இருந்துச்சு. அது அப்படித்தானா, இல்ல நீங்க தப்பா வாசிச்சிட்டீங்களா? எனக்கு ராத்திரியெல்லாம் அதே ஓடிக்கிட்டு இருந்துச்சுக்கா."

"ஏம்மா, வந்த மறுநாளே இன்னா கேள்வி இது" என்றாள் மாமியார் சரோஜா, வாசற்படியிலிருந்து. நானும் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறாளே என்று நினைத்தேன்.

வினோதினியின் முகத்தைப் பார்த்தேன். பியானோ வந்த நாளிலிருந்து அவளைக் கவனித்து வருகிறேன், அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை.

"தப்புதாங்க" என்றாள். "தப்புதான். அந்த ஒரு எடத்துல விரல் மாறிப்போச்சு. நீங்க கேட்டீங்களா? நெஜமாவே கேட்டீங்களா?"

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினாள். சுற்றியிருந்த கயிற்றை மேலே தள்ளிவிட்டு, மூடியைத் திறந்து, நின்றபடியே அந்த ஒரு இடத்தை மட்டும் வாசித்தாள். மேலேயிருந்து இறங்கி, இறங்கி, தரையைத் தொட்டது.

"இப்படி வரணும்."

"ஆங், இது!" என்றாள் கவிநிலா, கையைத் தட்டி. "இப்பத்தான் சரியா இருக்குது. முழுசும் ஒரு தடவை வாசிங்களேன் அக்கா."

"நேரமாவுதுப்பா, வண்டியை எடு" என்றார் ராமகிருஷ்ணன்.

நான் வண்டியிலிருந்து சாவியைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ராணியம்மாள் பூசணிக்காயைக் கீழே வைத்துவிட்டு ஏதோ திட்டினாள், அது யாருக்கும் கேட்கவில்லை. வினோதினி முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டாள்.